ஐப்பசியில் மூன்று வாரம் நாயை எங்கே விடுவது? கும்பகோணம், தஞ்சை பக்கம் போர்டிங் பற்றி யோசனை சொல்லுங்கள்

அரிசிலாறு (கும்பகோணம்)
எல்லோருக்கும் வணக்கம். அம்மாவுக்கு மூட்டு மாற்று அறுவை சிகிச்சை. ஐப்பசியில் சென்னையில் நாள் குறித்திருக்கிறார்கள். நானும் வீட்டுக்காரரும் கூடவே இருந்தாக வேண்டும். திரும்பி வர மூன்று வாரம் ஆகிவிடும். வீட்டில் செம்பா இருக்கிறாள். ஐந்து வயது லேப்ரடார், கருத்தடை ஆகிவிட்டது. யாரையும் கடித்ததில்லை. இடி இடித்தால் மட்டும் கட்டிலுக்கு அடியில் போய் ஒடுங்கிவிடுவாள். இதுவரை ஓர் இரவுகூட வெளியே தங்கியதில்லை.

விசாரித்ததில் மூன்று இடம் தேறியது. தஞ்சாவூருக்கு வெளியே ஒரு தென்னந்தோப்பு, பகலெல்லாம் நாய்களை அவிழ்த்து விடுகிறார்கள். இரண்டாவது, இங்கேயே ஒரு நாய் கிளினிக்கின் மாடி. டாக்டர் கீழேயே இருப்பார், ஆனால் கூண்டுதான். மூன்றாவது திருச்சியில், ஏ.சி. அறை, கேமரா எல்லாம் உண்டு. எனக்கு மனசு தோப்புப் பக்கம் போகிறது. படத்தில் பார்க்கவே அவ்வளவு அழகாக இருக்கிறது. விட்டுப் பழகியவர்கள் எதைப் பார்க்க வேண்டும் என்று சொல்லுங்கள்.

காவிரிக்கரை (மயிலாடுதுறை)
கூடவே சென்னைக்கு அழைத்துப் போக முடியாதா மேடம்? ரயிலில் முதல் வகுப்பு ஏ.சி.யில் கூபே, அதாவது கதவு போட்ட சின்ன அறை, முழுவதையும் நமக்கே எடுத்தால் நாயைக் கூட வைத்துக்கொள்ளலாம். இல்லையென்றால் கார்டு பெட்டியில் இருக்கும் நாய்க்கூண்டில் ஏற்ற வேண்டும். அதை நான் சொல்ல மாட்டேன்.

அரிசிலாறு (கும்பகோணம்)
சென்னையில் தம்பி இருப்பது அடுக்குமாடி வீடு, இரண்டு சின்னக் குழந்தைகள் வேறு. எங்கள் பொழுது ஆஸ்பத்திரியிலேயே போகும். அது சரிப்படாது.

ஓடம்போக்கி (திருவாரூர்)
அக்கா, தோப்புக்கு முன்பணம் கொடுக்கும் முன்னால் ஒருமுறை நல்ல மழைக்கு மறுநாள் போய்ப் பாருங்கள். வெயில் நாளில் எடுத்த படம் ஐப்பசிக்கு உதவாது.

நம் பக்கம் வடகிழக்குப் பருவமழை பிடித்துவிட்டால் வயலும் வாய்க்காலும் ஒன்றாகிவிடும். வரப்பில் வளை போட்டிருக்கும் எலி அத்தனையும் மேட்டைத் தேடி வரும். நாய்க்குச் சோறு வைக்கிற கொட்டகையைவிட நல்ல மேடு அதற்குக் கிடைக்காது. எலி சிறுநீர் கலந்த தண்ணீரில்தான் எலிக்காய்ச்சல் கிருமி இருக்கிறது. நாய் அந்தத் தண்ணீரைக் குடித்தாலும், காலில் சின்னச் சிராய்ப்போடு அதில் நடந்தாலும் போதும், உள்ளே போய்விடும். கல்லீரலையும் சிறுநீரகத்தையும் பிடிக்கிற நோய். நாயிடமிருந்து நமக்கும் வரும்.

இன்னொன்றும் சொல்கிறேன். சம்பா நட்ட வயல்களில் அந்தச் சமயம் எலி ஒழிப்பு நடக்கும். கிட்டி வைக்கிறவர்களால் நாய்க்குப் பெரிய ஆபத்து இல்லை. மருந்து வைக்கிறவர்களும் இருக்கிறார்கள். கறுப்பாக இருக்கும் சிங்க் பாஸ்பைடைப் பொரியிலும் கருவாட்டிலும் கலந்து வைப்பார்கள். லேப் எதைக் கண்டாலும் வாயில் போடும், உங்களுக்கே தெரியும். அந்த விஷத்துக்கு மாற்று மருந்து கிடையாது. அதனால் தோப்புக்காரரிடம் கேட்க வேண்டிய கேள்விகள் இவைதான்: வேலி முழுதாக இருக்கிறதா, அடியில் நாய் தோண்டிப் போக முடியாத மாதிரி இருக்கிறதா, பக்கத்து வயல் யாருடையது, அவர் மருந்து வைத்தால் உங்களுக்குச் சொல்வாரா? கடைசிக் கேள்விக்கு அவர் என்ன பதில் சொல்கிறார் என்று பாருங்கள். ஏற்கெனவே யோசித்தவர் உடனே சொல்லிவிடுவார்.

அக்னியாறு (பட்டுக்கோட்டை)
தென்னந்தோப்பு என்றதும் எனக்கு 2018 நவம்பர் 16தான் நினைவுக்கு வருகிறது. கஜா புயல் அடித்த அந்த இரவில் எங்கள் பக்கம் தென்னை விழுந்ததைக் கண்ணால் பார்த்தவன் நான். பல ஊர்களுக்கு வாரக்கணக்கில் கரண்ட் வரவில்லை. ஐப்பசி, கார்த்திகை புயல் காலம். தோப்பில் நாய் தங்கும் கொட்டகை தகரமா, கான்கிரீட்டா, மரங்களிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது, புயல் எச்சரிக்கை வந்தால் நாய்களை எங்கே மாற்றுவார்கள்? கேளுங்கள். திருச்சி ஏ.சி. அறைக்கும் இதே கேள்விதான். கரண்ட் போனால் ஜெனரேட்டர் உண்டா? ஜன்னலே இல்லாத அறையில் ஏ.சி. நின்றுபோனால் தெருவில் இருப்பதே மேல். நாய்க்கு மூச்சிரைப்பு ஒன்றுதான் உடம்புச் சூட்டைத் தணிக்கிற முக்கிய வழி. புழுங்குகிற அறையில் அதுவும் பலிக்காது.

குடமுருட்டி (பாபநாசம்)
எதற்கு இத்தனை அலைச்சல்? தெரிந்தவர் ஒருவரை வீட்டோடு வந்து தங்கச் சொல்லிவிட்டுப் போங்கள். நாய்க்கு இடம் மாறாது, தெரு மாறாது. எங்கள் வீட்டில் எப்போதும் அப்படித்தான். வயல் வேலை பார்க்கும் அண்ணன் இரவு வந்து படுத்துக்கொள்வார், சோறு போடுவார். நாயும் நிம்மதி, வீடும் பத்திரம்.

ஓடம்போக்கி (திருவாரூர்)
உங்களுடையது நாட்டு நாய்தானே சார்? அதற்குச் சரி. பகலெல்லாம் ஆள் இல்லாமல் அது தானே தெருவைச் சுற்றிவிட்டு வரும். ஆள் கூடவே இருந்து பழகிய லேப் மூன்று வாரம் பகலெல்லாம் பூட்டிய வீட்டில் இருக்குமா?

குடமுருட்டி (பாபநாசம்)
நாட்டு நாய்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் வயதான நாய், கண் தெரியாத நாய், மருந்து சாப்பிடுகிற நாய் என்றால் எந்த ஜாதியாக இருந்தாலும் வீட்டை விட்டு எடுக்கக்கூடாது. இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். பன்னிரண்டு வயது நாயை முன்பின் தெரியாத இடத்தில், நாலு நாய் குரைக்கிற கொட்டகையில் விடுவது அதற்குப் பெரிய கொடுமை.

அரிசிலாறு (கும்பகோணம்)
எங்கள் வீட்டில் வேலை செய்யும் அம்மா செம்பாவிடம் உயிராக இருப்பார். ஆனால் அவருக்குப் பகல் முழுக்க வேறு வீடுகள் இருக்கின்றன. இரவு தங்கவும் முடியாது.

வெண்ணாறு (தஞ்சாவூர்)
நான் உண்ணியைப் பற்றி மட்டும் சொல்கிறேன், ஏனென்றால் யாரும் இதைக் கேட்பதே இல்லை.

ஓர் இடத்தில் எங்கள் நாயை விட்டிருந்தோம். பெயர் வேண்டாம். தரை பளிங்கு மாதிரி இருக்கும், பினாயில் வாசனை தூக்கும். பார்த்தால் குறை சொல்ல முடியாது. திரும்பி வந்தபோது நாய் நன்றாகத்தான் இருந்தது. இரண்டு வாரம் போனதும் சோறு வேண்டாம் என்றது, மூலையிலேயே படுத்துக் கிடந்தது, மூக்கிலிருந்து ரத்தம் வந்தது. ரத்தம் எடுத்துப் பார்த்தால், ரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் அடியோடு குறைந்திருந்தன. உண்ணிக் காய்ச்சல், எர்லிக்கியா என்றார்கள். டாக்சிசைக்ளின் 28 நாள் கொடுத்துத் தேறிவிட்டது.

நாய் உண்ணி வாழ்நாளில் பெரும்பகுதியை நாய்மேல் கழிப்பதில்லை. ரத்தம் குடித்துவிட்டு இறங்கி, சுவர் வெடிப்பிலும் கதவு இடுக்கிலும் கூரைச் சந்திலும் போய் ஆயிரக்கணக்கில் முட்டையிடும். தரையை எத்தனை தடவை கழுவினாலும் அது பாட்டுக்குச் சுவரில் இருக்கும். ஆகவே போய்ப் பார்க்கும்போது குனிந்து தரையைப் பார்க்காதீர்கள். சுவர் தரையோடு சேரும் ஓரம், கூண்டுக் கம்பியின் மூட்டு, நடை வாசலின் மூலை, இங்கெல்லாம் கைபேசி வெளிச்சம் அடித்துப் பாருங்கள். மிளகு மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தால் அப்படியே திரும்பி வந்துவிடுங்கள். செங்கல் பூசாமல் விட்ட சுவர், கீற்றுத் தடுப்பு இருந்தால் இன்னும் கவனம். அங்கே ஏற்கெனவே தங்கியிருக்கும் நாயின் காதுக்குள்ளும் விரல் இடுக்கிலும் பார்க்க விடச் சொல்லுங்கள். நல்ல இடத்தில் மறுக்க மாட்டார்கள்.

கல்லணைக்கால்வாய் (ஒரத்தநாடு)
கால்நடை மருத்துவராக இருந்து ஓய்வு பெற்றவன். வெண்ணாறு சொன்னது முழுக்கச் சரி. நாயை விடுவதற்கு முன்பே உண்ணி மாத்திரை கொடுத்துவிடுங்கள் அம்மா. மாதம் ஒன்று கொடுப்பதும் இருக்கிறது, ஏறத்தாழ 12 வாரம் தாங்குவதும் இருக்கிறது. எடைக்கு ஏற்ப உங்கள் டாக்டர் எழுதித் தருவார். வலிப்பு வந்த நாயாக இருந்தால் அதை அவரிடம் முதலிலேயே சொல்ல வேண்டும்.

தடுப்பூசி விஷயத்தில் நாள் கணக்கு முக்கியம். போகிற அன்று காலையில் ஊசி போட்டு மதியம் கொண்டுபோய் விடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அன்று போட்ட ஊசி அன்றே காக்காது. வெறிநோய் ஊசியும், பார்வோ, டிஸ்டம்பர் என்ற வைரஸ் நோய்களுக்கெல்லாம் சேர்ந்த கூட்டு ஊசியும் காலாவதி ஆகாமல் இருக்கிறதா என்று இன்றே புத்தகத்தைப் பாருங்கள். எலிக்காய்ச்சல் தடுப்பும் அந்தக் கூட்டு ஊசியில் இருக்கிறதா என்று தனியாகக் கேளுங்கள். சிலவற்றில் இருக்கும், சிலவற்றில் இருக்காது. முதல் தடவை போடுவதாக இருந்தால் இரண்டு முதல் நான்கு வார இடைவெளியில் இரண்டு தவணை, அப்புறம் வருடத்துக்கு ஒன்று. நம் டெல்டா நாய்க்கு மழைக்கு முன்னால் இது அவசியம். ஆனால் எலிக்காய்ச்சல் கிருமியில் பல வகை உண்டு, ஊசி எல்லா வகைக்கும் காவல் இல்லை. அதனால் ஓடம்போக்கி சொன்ன தண்ணீர் விஷயத்தை விட்டுவிட முடியாது.

நாய்கள் கூடும் இடத்தில் கென்னல் இருமலும் பரவும். தொண்டையில் ஏதோ மாட்டிய மாதிரி கக்கிக் கக்கி இருமும். அதற்கு மூக்கில் விடும் மருந்து இருக்கிறது. குறைந்தது ஒரு வாரம் முன்னால் போடச் சொல்லுங்கள்.

பினாயில் வாசனையைச் சுத்தம் என்று நம்ப வேண்டாம். பார்வோ கிருமி பினாயிலுக்குச் சாகாது, மண்ணில் மாதக்கணக்கில் இருக்கும். பிளீச்சிங் கரைசல்தான் அதற்கு. உங்கள் நாய் ஊசி போட்ட வளர்ந்த நாய், பெரிய பயமில்லை. ஆனால் 'குட்டியையும் எடுத்துக்கொள்வோம், ஊசி முடியாவிட்டாலும் பரவாயில்லை' என்று சொல்லும் இடம் எப்படிப்பட்டது என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

கிளினிக் மாடி பற்றிக் கேட்டீர்கள். டாக்டர் பக்கத்தில் இருப்பது நல்லதுதான். ஆனால் கீழே வருவதெல்லாம் நோயாளி நாய்கள். தங்கும் நாய்க்கும் நோயாளி நாய்க்கும் ஒரே வாசல், ஒரே படி, ஒரே ஆள் என்றால் நான் விட மாட்டேன். தனி வழி, தனி ஆள், தனிப் பாத்திரம் இருந்தால் விடலாம்.

பாமணியாறு (மன்னார்குடி)
நான் வீட்டிலேயே சிறிய அளவில் போர்டிங் நடத்துகிறேன். இப்போது கூடுதலாக எடுப்பதில்லை, அதனால் விளம்பரம் என்று நினைக்க வேண்டாம். உள்ளே இருந்து பார்ப்பவனுக்குத் தெரிவதைச் சொல்கிறேன்.

வருகிறவர்கள் எல்லோரும் அறையைப் பார்க்கிறார்கள், சாப்பாட்டைக் கேட்கிறார்கள். இரவு பத்து மணிக்கு மேல் இங்கே யார் இருப்பார்கள் என்று கேட்கிறவர் அபூர்வம். நாய்க்கு உடம்பு கெடுவதும், வேலியைத் தாண்டிக் குதிப்பதும், ஒன்றை ஒன்று கடித்துக்கொள்வதும் பெரும்பாலும் ஆள் இல்லாத நேரத்தில்தான். கேமரா இருக்கிறது என்பார்கள். கேமரா நடந்ததைக் காட்டும், எழுந்து ஓடி வராது. இரவில் தங்கும் ஆள் யார் என்று கேட்டு, அவரையே பார்த்துப் பேசுங்கள். முதலாளியைவிட அவர்தான் முக்கியம். நாயை அவர் தொடுகிற விதத்திலேயே பாதி தெரிந்துவிடும்.

அடுத்தது, எத்தனை நாய்க்கு எத்தனை ஆள். தீபாவளி, பொங்கல் என்றால் சாதாரண நாளைப்போல இரண்டு மடங்கு எடுக்கிறவர்கள் இருக்கிறார்கள். உங்கள் நாட்களில் தீபாவளி வருகிறதா பாருங்கள். வந்தால் அன்றைக்கு எத்தனை நாய் இருக்கும் என்று கேளுங்கள். அவிழ்த்து விடும் இடம் என்றால், எல்லாவற்றையும் ஒன்றாக விடுவார்களா, குணம் பார்த்துப் பிரித்து விடுவார்களா, அப்போது ஆள் நின்று பார்ப்பாரா? சோறு வைக்கும்போது தனித்தனியாகக் கட்டுவார்களா? சண்டை அதிகம் வருவது சோற்றுத் தட்டில்தான். பருவத்துக்கு வந்த பெட்டையை எடுப்பார்களா என்றும் கேளுங்கள். எடுப்பவர் என்றால் அங்கே கடுவன்கள் நாள் முழுக்கக் கத்தும், சண்டையும் வரும்.

நாயைக் கொண்டுவருகிறவர்களிடமும் எனக்கு ஒரு வேண்டுகோள். உண்மையைச் சொல்லுங்கள். கடித்த நாயைக் 'குழந்தை மாதிரி' என்று சொல்லி விட்டுப் போகிறார்கள். சோறு தட்டில் கை வைத்தால் பாயும் என்பதை மறைக்கிறார்கள். வலிப்பு வரும் என்பதைச் சொன்னால் எடுக்க மாட்டார்களோ என்று பயந்து விடுகிறார்கள். சொல்லிவிட்டால் நாங்கள் அதற்கு ஏற்ப வைத்துக்கொள்வோம். சொல்லாமல் விட்டால் ஆபத்து நாய்க்குத்தான்.

நான் முதலில் ஓர் இரவு மட்டும் விட்டுப் பார்க்கச் சொல்வேன். மூன்று வாரத்துக்கு நேரடியாக எடுக்கவே மாட்டேன். அக்கா, நீங்கள் போகும் இடத்தில் அவர்கள் உங்களை எத்தனை கேள்வி கேட்கிறார்கள் என்று கவனியுங்கள். ஊசிப் புத்தகம் கேட்காமல், குணம் கேட்காமல், 'கொண்டு வாங்க, பார்த்துக்கலாம்' என்றால் பக்கத்தில் கட்டப்போகிற நாயைப் பற்றியும் அவர்கள் ஒன்றும் கேட்டிருக்க மாட்டார்கள்.

காவிரிக்கரை (மயிலாடுதுறை)
ரேட் எவ்வளவு இருக்கும்? யாரும் சொல்லவில்லையே.

பாமணியாறு (மன்னார்குடி)
ஊருக்கு ஊர், எடைக்கு எடை மாறும் சார். எவ்வளவு என்பதோடு, அதில் எதெல்லாம் சேர்த்தி என்று கேளுங்கள். சாப்பாடு, நடை, மருந்து கொடுப்பது, டாக்டரிடம் கொண்டுபோகும் வண்டிச் செலவு. குறைவாகச் சொல்லிவிட்டுக் கடைசியில் ஒவ்வொன்றாகச் சேர்ப்பவர்கள் உண்டு.

அரிசிலாறு (கும்பகோணம்)
எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. நீங்கள் சொன்னதையெல்லாம் எழுதி எடுத்துக்கொண்டு போய்ப் பார்த்தோம்.

தோப்பு உண்மையிலேயே அழகான இடம், அந்த மனிதரும் நல்லவர். ஆனால் மூன்று பக்கமும் வயல். கொட்டகைக்குப் பின்னால் முதல் நாள் மழைத் தண்ணீர் அப்படியே நின்றது. எலி மருந்து பற்றிக் கேட்டதும், பக்கத்து வயல்காரர் என்ன வைக்கிறார் என்று தெரியாது என்று நேர்மையாகச் சொன்னார். கோடையில் விடலாம், இப்போது வேண்டாம் என்று தோன்றியது. கிளினிக் மாடியில் வாசல் ஒன்றுதான். நாங்கள் படியில் நின்றபோதே ரத்தபேதியோடு ஒரு குட்டியைத் தூக்கி வந்தார்கள். திருச்சிக்காரர்கள் போனிலேயே ஊசிப் புத்தகத்தின் படம் கேட்டார்கள், ஜெனரேட்டர் இருக்கிறது, இரவு ஆளும் இருக்கிறார். குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அவ்வளவு தூரத்தில் ஏதாவது என்றால் ஓடிப்போய்ப் பார்க்க எங்களுக்கு அங்கே யாரும் கிடையாது.

நாலாவதாக ஒன்று கிடைத்தது. தஞ்சாவூரில் பணி ஓய்வு பெற்ற ஒரு தம்பதி, வீட்டோடு சில நாய்களை மட்டும் பார்த்துக்கொள்கிறார்கள். மாடி வீடு, சுற்றிச் சுவர், தெருவில் தண்ணீர் நிற்கவில்லை. சுவர் ஓரமெல்லாம் வெளிச்சம் அடித்துப் பார்த்தேன். அந்த அம்மா கோபித்துக்கொள்ளவில்லை, அவரே நாற்காலியை நகர்த்திக் காட்டினார். எங்களை உட்கார வைத்து ஒரு மணி நேரம் கேள்வி கேட்டார். இடிக்குப் பயப்படுவாள் என்றதும், உள் அறையில் கட்டிலுக்கு அடியில் அவளுக்கு இடம் ஒதுக்குவதாகச் சொன்னார். ஓர் இரவு விட்டுப் பார்த்தோம். முதலில் சாப்பிடவில்லை, காலையில் சாப்பிட்டிருக்கிறாள். தம்பி முறையில் ஒருவர் மருத்துவக் கல்லூரிச் சாலையில் இருக்கிறார், அவசரத்துக்குப் போய்ப் பார்ப்பார். அங்கேயே முடிவு செய்துவிட்டோம்.

டாக்டர் ஐயா, புத்தகத்தைப் பார்த்தேன், எலிக்காய்ச்சல் ஊசி போன வருடம் போட்டதே இல்லை. இப்போது தொடங்கினால் நேரம் இருக்கிறதா? பட்டாசுக்கு ஏதாவது மாத்திரை கொடுத்து விடலாமா?

கல்லணைக்கால்வாய் (ஒரத்தநாடு)
நாளைக்கே முதல் தவணை போட்டுவிடுங்கள் அம்மா, இரண்டாவது தவணைக்கு நேரம் இருக்கிறது. அதற்குப் பிறகும் சக்தி வர ஓரிரு வாரம் கொடுக்க வேண்டும்.

பட்டாசுக்கு மாத்திரை உண்டு, ஆனால் யாரோ சொன்னார்கள் என்று வாங்கிக் கொடுக்கக்கூடாது. சில மருந்துகள் நாயை அசையாமல் படுக்க வைக்கும், உள்ளே பயம் அப்படியேதான் இருக்கும். உங்கள் டாக்டர் அவளைப் பார்த்து எழுதட்டும். அதை வீட்டில் நீங்கள் இருக்கும்போதே ஒருமுறை கொடுத்து எப்படி இருக்கிறாள் என்று பார்த்துவிட்டு அனுப்புங்கள். தீபாவளிக்கு இரண்டு நாள் முன்பே வெளியே நடை போவதைப் பகல் நேரத்துக்கு மாற்றச் சொல்லுங்கள். கழுத்துப் பட்டையில் உங்கள் போன் எண் இருக்கட்டும். வெடிச்சத்தத்தில் தொலையும் நாய்கள் ஏராளம்.

இரவில் அவசரம் என்றால் எங்கே போவது என்பதையும் இப்போதே அவர்களோடு பேசி வையுங்கள். ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரி தஞ்சாவூரிலிருந்து ஏறத்தாழ 25 கிலோமீட்டர். அங்கே எந்த நேரத்தில் யார் பார்ப்பார்கள் என்று முன்கூட்டியே கேட்டு எழுதி வைத்துக்கொள்வது நல்லது.

வெண்ணாறு (தஞ்சாவூர்)
திரும்பி வந்த பிறகு மூன்று வாரம் கவனியுங்கள் அக்கா. சோறு குறைந்தாலோ, காய்ச்சல் 103 தாண்டினாலோ, சிறுநீர் காப்பி நிறத்தில் போனாலோ உடனே ரத்தப் பரிசோதனை. நாயின் சாதாரணச் சூடே 101, 102 இருக்கும், அதைப் பார்த்துப் பயந்துவிடாதீர்கள்.

குடமுருட்டி (பாபநாசம்)
வீட்டோடு பார்த்துக்கொள்கிறவர்கள் கிடைத்ததில் எனக்கு மகிழ்ச்சி. உங்கள் பழைய புடவை ஒன்றைத் துவைக்காமல் கொடுத்து விடுங்கள்.

பாமணியாறு (மன்னார்குடி)
அதோடு, அவள் வீட்டில் சாப்பிடும் அதே அரிசி, அதே தீனி மூன்று வாரத்துக்கும் கொஞ்சம் கூடுதலாகக் கொடுங்கள். திடீரென்று தீனி மாறினால் வயிற்றால் போகும், பாதிப் பேர் அதை நோய் என்று பயந்துவிடுவார்கள்.

ஒரு தாள் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள். உங்கள் டாக்டர் எண், தஞ்சாவூர்த் தம்பியின் எண், ஒத்துக்கொள்ளாத மருந்து ஏதாவது இருந்தால் அது. அறுவை சிகிச்சை நாளன்று உங்கள் போன் அணைந்திருக்கும். அப்போது நாய்க்கு அவசரம் என்றால் எவ்வளவு ரூபாய் வரை உங்களைக் கேட்காமலே செலவு செய்யலாம், ஆபரேஷன் வேண்டும் என்றால் யாரைக் கேட்க வேண்டும் என்று அதில் தெளிவாக இருக்கட்டும். அந்தத் தம்பியிடமும் ஒரு நகல் இருக்கட்டும். மாத்திரைகளை உதிரியாகக் கொடுக்காமல் அட்டையோடு கொடுங்கள், பெயர் தெரிந்தால்தான் டாக்டருக்குச் சொல்ல முடியும்.

அரிசிலாறு (கும்பகோணம்)
போன் அணைந்திருக்கும் என்பதை நான் யோசிக்கவே இல்லை அண்ணா. இன்று இரவே எழுதிவிடுகிறேன். கையில் கொஞ்சம் முன்பணமும் கொடுத்து வைக்கிறேன். அம்மா நல்லபடியாக எழுந்து நடந்ததும் இங்கே வந்து எழுதுகிறேன், செம்பாவைப் பற்றியும் சேர்த்து.